ஆஞ்சைனா என்று சொல்லிவிட்டார்களா? டெல்டா பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஞ்சைனா இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இது உங்களுக்குத்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்படிச் சொன்னபோது எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பரிசோதனை முதலில், காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்ப்பது, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எப்போது வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தோம். நாங்கள் இருப்பது நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஞ்சைனா என்பது மாரடைப்பு இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் குறுகிப்போயிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தம் போதும். வேகமாக நடந்தால், சுமை தூக்கினால், கோபப்பட்டால் போதாது. அப்போது நெஞ்சு அடைக்கும். மருந்தும் கவனிப்பும் ஒழுங்காக இருந்தால் இதோடு பல வருஷம் நன்றாக வாழலாம். கீழே எழுதியிருப்பது எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

1. வலியின் குணத்தை நோட்டில் எழுதுங்கள்

எங்கள் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் பெயர் "வாயு"தான். ஓமத் தண்ணீர், கோலி சோடா, பெட்டிக்கடையில் ஒரு வாயு மாத்திரை. நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால் இசிஜி எடுத்துப் பார்க்காமல் வாயு என்று முடிவு கட்டாதீர்கள். சாப்பிட்டதும் வருகிற வலியெல்லாம் வயிற்று வலி ஆகாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் ஆஞ்சைனாவும் வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வலி வரும்போதும் இதை எழுதுங்கள்: தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே அடைத்தது, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவியதா, வியர்த்ததா, நின்றதும் எத்தனை நிமிடத்தில் விட்டது, மாத்திரை வைத்தாரா. வலி இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி சுத்தமாக இருக்கலாம். அப்போது டாக்டருக்குக் கையில் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான்.

நோட்டைக் கொஞ்ச நாள் எழுதினால் ஓர் எல்லை தெரியும். எங்கள் வீட்டுக்காரருக்குச் சமதரையில் சைக்கிள் மிதித்தால் ஒன்றும் இல்லை. ஆடிக்காற்றை எதிர்த்து வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் மிதித்தால் நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்த மாதிரி இருக்கும், இறங்கி நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். ஒரே அளவு வேலைக்கு வந்து, நின்றால் விடுகிற இந்த வகைக்குத்தான் நிலையான ஆஞ்சைனா என்று பெயர். அந்த எல்லை குறுகினால்தான் ஆபத்து. சுவாமிமலையில் 60 படியையும் நிற்காமல் ஏறியவர் இப்போது இருபதாவது படியிலேயே நெஞ்சைப் பிடிக்கிறார், உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கிறது, தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் போகலாம். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, தாடை வலி, குமட்டல் என்று வரும். வீட்டு வேலை அத்தனையும் செய்துகொண்டு "ஒன்றுமில்லை, அசதிதான்" என்று சொல்கிற அம்மாக்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.

2. நாக்கடி மாத்திரையை எப்போதும் உடம்போடு வையுங்கள்

பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது சார்பிட்ரேட் 5 மில்லிகிராம். அதாவது ஐசோசார்பைடு டைநைட்ரேட். விலை அதிகமில்லை, ஒரு அட்டை நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்று இன்னொன்று உண்டு. அது தினமும் விழுங்குகிற மாத்திரை. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாறிவிடும். கடைக்காரரிடம் கேட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற அட்டையின் மேல் பேனாவால் பெரிதாக "நாக்கு" என்று எழுதிவிடுங்கள்.

வைக்கிற முறை இது. வலி தொடங்கியதும் செய்கிற வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றி விழுந்துவிடலாம். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் தானாகக் கரைய விடுங்கள். தண்ணீர் குடித்து விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டாவது மாத்திரை வைக்கலாமா என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை வைத்ததும் தலை வலிக்கும், முகம் சூடாகும். அது மருந்தின் குணம்தான், பயப்பட வேண்டாம்.

டெல்டாவில் மாத்திரையைக் கெடுப்பது வெயிலும் ஈரமும்தான். மோட்டார் கொட்டகையிலும் பைக் பெட்டியிலும் வைத்தால் வீணாகிவிடும். நாற்று நடும்போது சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிடுவார்கள். மாத்திரை வரப்பில் கிடக்கும், ஆள் வயலின் நடுவில் இருப்பார். வேட்டி மடிப்பிலோ இடுப்புப் பையிலோ தண்ணீர் படாத சின்ன உறையில் இரண்டு மூன்று மாத்திரை இருக்கட்டும். ஒரு செட் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். ஆண்மைக்கென்று விற்கிற சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகளோடு இந்த மாத்திரை சேரவே கூடாது. பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நாக்கடி மாத்திரை கூடாது. லேகியம், பொடி என்ற பெயரில் சாப்பிடுவதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. ராத்திரி வலி வந்தால் என்ன செய்வது என்று பகலிலேயே முடிவு செய்யுங்கள்

108 நம்பர் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வழி சொல்வதில்தான் தடுமாற்றம். எங்கள் தெருவைச் சொன்னால் வெளியூர் டிரைவருக்குப் புரியாது. "மாரியம்மன் கோயில் தாண்டி வாய்க்கால் பாலம், பாலத்துக்கு இடது கைப்பக்கம் கதிரடிக்கிற களம்" என்று அடையாளத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பதற்றத்தில் யார் போன் செய்தாலும் அதைப் பார்த்துப் படித்துவிடலாம். ஒருவர் டார்ச்சோடு பாலத்தில் போய் நிற்க வேண்டும்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். வழியில் இதயம் நின்றால் பைக்கில் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே போவது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இசிஜி எடுத்து முதல் மருந்து கொடுக்க எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் முடியும். ஆஞ்சியோ (இதயக் குழாயில் அடைப்பு எங்கே என்று படம் எடுத்துப் பார்ப்பது) செய்கிற கேத் லேப் எல்லா இடத்திலும் இல்லை. அரசுப் பக்கத்தில் எங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருச்சி பக்கம் இருப்பவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின்) வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த நிலையம் ராத்திரியிலும் திறந்திருக்கும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் ரோட்டை மூடினால் வேறு எந்த வழி, நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் எந்தப் பக்கம் சுற்றிப் போவது என்பதையும் வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

4. பரிசோதனைகளும் செலவும்

முதலில் இசிஜி, ரத்தப் பரிசோதனை (சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின்), எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்). பிறகு தேவைப்பட்டால் டிஎம்டி, அதாவது ஓடுபொறியில் நடக்கவிட்டு எடுக்கிற இசிஜி. அதற்குப் பிறகுதான் ஆஞ்சியோகிராம். அரசு ஆஸ்பத்திரியில் இவற்றுக்குப் பெரும்பாலும் செலவில்லை, நாள்தான் ஆகும். எங்கள் பக்கம் தனியாரில் எக்கோவும் டிஎம்டியும் ஒவ்வொன்றும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். ஆஞ்சியோகிராம் பத்தாயிரத்துக்கு மேல், இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். முதல் பஸ்ஸில் போனால் ரத்தம் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரையும் பார்த்து வரலாம். டிஎம்டிக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், கிட்னி கோளாறு உள்ளவர் ஆஞ்சியோகிராமுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

5. காப்பீட்டு அட்டையை இப்போதே எடுங்கள்

நாங்கள் அதிகம் அலைந்தது இதற்குத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆஞ்சியோபிளாஸ்டியும் (அடைத்த குழாயை உள்ளிருந்தே விரித்துவிடுவது) பைபாஸும் (ஆபரேஷன் செய்து மாற்றுக் குழாய் வைப்பது) இதில் உண்டு. படுக்கையில் ஆள் கிடக்கும்போது அட்டைக்கு ஓடுவது கொடுமை. அறுவடை, நடவு இல்லாத ஒரு வாரத்தில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டு, ஆதார், போட்டோவோடு விண்ணப்பித்தால் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்காராமல் வி.ஏ.ஓ.வை ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

அது வந்ததும் ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பதிவு இலவசம். "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மாட்டிக்கொள்கிற இடங்கள் சில உண்டு. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள். பையன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறான், அப்பா அம்மா பெயரைத் தன் கார்டில் சேர்த்துக்கொண்டான் என்றால் வருமானக் கணக்கு அவனுடையதாகிவிடும். ஏற்கெனவே பழைய அட்டை இருந்தால் அது இப்போதும் செல்லுமா, அதில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். நாகூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரைக்கால்தான் கிட்டம். ஆனால் அது புதுச்சேரி நிர்வாகம். போகிற ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இதயப் பிரிவுக்கும் சேர்த்து அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே போங்கள்.

அட்டையை அட்மிஷன் போடும்போதே காட்ட வேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எங்களிடம் "முதலில் டெபாசிட் கட்டுங்கள், அட்டையைப் பிறகு பார்க்கலாம்" என்றார்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறுகிற திட்டம். கட்டிய பணம் பின்னால் திரும்பிவரும் என்று நம்பிக் கட்டாதீர்கள். அங்கேயே நின்று காப்பீட்டு மேசையில் உள்ளவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதே இலவச எண்ணுக்குப் போன் போடுங்கள். நாங்கள் போன் போட்ட பிறகுதான் அவர்கள் பேச்சு மாறியது.

6. எல்லாக் காகிதமும் ஒரே பையில்

துணிப்பை ஒன்று, உள்ளே பிளாஸ்டிக் உறை. அதில் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், ஓ.பி. சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சி.டி., இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், இரண்டு பேருடைய போன் நம்பர்.

பழைய இசிஜியை எறியாதீர்கள். புதிய வலியோடு போகும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மாற்றத்தைச் சொல்வார்கள். அந்த இசிஜி தாள் சூட்டில் அச்சாகிற தாள். நாளாக நாளாகக் கோடுகள் மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் சூடு பட்டு முழுத்தாளும் கறுத்துப்போகும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

7. ஸ்டென்ட் வைக்கச் சொன்னால்

ஸ்டென்ட் என்பது குறுகிய குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழல். மாரடைப்பு வந்துவிட்டால் பேச்சே இல்லை, உடனே செய்ய வேண்டியதுதான். நிலையான ஆஞ்சைனா என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்துச் செய்த இஸ்கீமியா ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. நிலையான அடைப்பு உள்ளவர்களில், முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும் மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் சாவிலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அடிக்கடி வலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஸ்டென்டோ பைபாஸோ செய்தபின் வலி நன்றாகக் குறைந்தது. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும் இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு.

அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு? பம்பிங் எவ்வளவு? மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? இப்போது வைக்காவிட்டால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு கொண்டுவந்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். பிறகு அந்த வரம்பை அவ்வப்போது மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும். அதன் ஸ்டிக்கரையும் கார்டையும் கேட்டு வாங்குங்கள். இதய ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தால் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி, கவுண்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

8. தினசரி மாத்திரைகள்

ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, மெட்டோப்ரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை, நைட்ரேட் என்று நாலைந்து சேரும். "இப்போது வலி இல்லையே" என்று நிறுத்துவதுதான் பெரிய பொறி. மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் வலி முன்னைவிடப் பலமாகத் திரும்பும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் சொன்ன மாதம்வரை ஒரு நாள்கூட விடக்கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள்.

தினமும் விழுங்குகிற நைட்ரேட்டைப் பெரும்பாலும் காலையும் மத்தியானமும் என்று எழுதுவார்கள். ராத்திரி வேளை காலியாக இருக்கிறதே என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள். உடம்பு மருந்துக்குப் பழகிப்போகாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இதய நோயாளிக்கு ஆகாது. நடவு முடிந்து உடம்பு வலிக்கிறது என்று கலர் கலராகப் பொட்டலம் கட்டிக்கொடுப்பதில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைகள் இலவசம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வெளியில் வாங்க வேண்டியதற்கு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் காட்டிக் கேளுங்கள்.

9. வயல், நடை, சாப்பாடு

வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. எதை விடுவது என்று தெரிய வேண்டும். 40 கிலோ நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் தூக்கிப் போடுவது, பூச்சிமருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றில் நடப்பது இரண்டையும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் கட்டுவது, மேற்பார்வை, உட்கார்ந்து களை எடுப்பது பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். டாக்டரிடம் வேலையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

நடைக்கு ஆற்றங்கரை நல்லது. முதல் வாரம் பத்து நிமிடம், மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அளவு சரி. மார்கழிப் பனியில் விடியற்காலை நடையும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் வேண்டாம், குளிரில் குழாய் சுருங்கி வலி வரும். வெயில் ஏறியபின் நடக்கலாம். சித்திரை, வைகாசியில் நேர்மாறு, வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் எந்த நடையும் வேண்டாம்.

சாப்பாட்டில் முதல் எதிரி உப்பு. நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. பழைய சோறு நல்லதுதான், கூட வைக்கிற ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளத்தில்தான் உப்பு முழுவதும் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழுந்துவிடச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெற்றிலை போடுகிறவர் புகையிலையை அடியோடு விட வேண்டும். வாயில் அடக்குகிற புகையிலையும் பீடி மாதிரியே இதயத்தைக் கெடுக்கும்.

10. மறுபடி எப்போது டாக்டரைப் பார்ப்பது

முதலில் மாதம் ஒருமுறை, வலி அடங்கியபின் டாக்டர் சொல்கிற இடைவெளியில். போகும்போது நோட்டு, மாத்திரை அட்டைகள், வீட்டில் எடுத்த பிரஷர் கணக்கு மூன்றும் கையில் இருக்கட்டும். நாக்கடி மாத்திரை வாரத்துக்கு எத்தனை செலவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். போன மாதத்தைவிடக் கூடியிருந்தால், வலி கூடிக்கொண்டிருக்கிறது என்றே அர்த்தம். சீட்டில் எழுதிய தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.